ஏழு தொட்டிகளும் ஒரு நதியும்: கோவைப் பக்கத்துப் பவுடர் கோட்டிங் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிறு பட்டறைகளுக்கு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணை பெற உதவுவது என் வேலை. அதில் வந்த ஒரு நிகழ்வு இது. பட்டறையின் பெயர், ஊர், உரிமையாளர்களின் அடையாளம் எதையும் சொல்லவில்லை. தொழில் விவரங்கள் மட்டும் இருக்கின்றன, படிப்பவருக்குத் தேவையானவையும் அவைதான்.

பின்னணி

கோவைக்குக் கிழக்கே, சூலூரைத் தாண்டிய ஒரு கிராமத்தில் அண்ணன், தம்பி இருவர் 2016-இல் வாடகை ஷெட் ஒன்றில் தகடு வேலை ஆரம்பித்தார்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, கம்ப்ரசரைச் சுற்றி மாட்டும் பாதுகாப்பு உறை, பேனல் போர்டின் உடல் போன்றவை. தகட்டை வெட்டுவது, வளைப்பது, வெல்டிங் வைப்பது, அவ்வளவுதான். பெயின்ட் வேலையை வெளியே கொடுத்து வாங்கினார்கள்.

வெளியே போன பெட்டி கீறலோடு திரும்பும், அல்லது சொன்ன தேதிக்கு வராது. அதனால் 2019-இல் பவுடர் கோட்டிங்கை, அதாவது வண்ணத் தூளைத் தெளித்துச் சூட்டில் உருக்கிப் பூசும் வேலையை, தங்கள் ஷெட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். பவுடர் தெளிக்க ஒரு பூத், டீசல் பர்னர் வைத்த ஓர் ஓவன், பின்பக்கத்தில் வரிசையாக ஏழு தொட்டிகள். பட்டறைக்காரர்கள் ‘செவன் டேங்க்’ என்று சொல்வது இதைத்தான். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் காரத் தொட்டி, அலசும் தண்ணீர், துருவை எடுக்கும் ஆசிட் தொட்டி, மறுபடியும் தண்ணீர், அடுத்த படிக்குத் தகட்டைத் தயார் செய்யும் ஆக்டிவேஷன், தகட்டில் பாஸ்பேட் படலம் ஏற்றும் பாஸ்பேட்டிங், கடைசியாக ஒரு தண்ணீர்த் தொட்டி. இந்த ஏழிலும் முக்கி எடுத்த தகட்டில்தான் பவுடர் நன்றாகப் பிடிக்கும். 180 முதல் 200 டிகிரி சூட்டில் ஓவனுக்குள் சுமார் 10 நிமிடம் இருந்தால் பவுடர் உருகிப் படலமாகிவிடும்.

கையிலிருந்த ஆவணங்கள்: ஜிஎஸ்டி பதிவு, முதலில் உத்யோக் ஆதார், 2020-க்குப் பிறகு உத்யம் பதிவு, ஊராட்சியின் தொழில் உரிமம், தொழிற்சாலைக் கட்டணத்தில் மின் இணைப்பு. வாரியத்தின் இசைவாணை மட்டும் இல்லை. அப்படி ஒன்று தேவை என்று ஆறு வருடமாக யாரும் அவர்களிடம் கேட்கவும் இல்லை.

கேள்வி எழுந்த விதம்

2022-இன் கடைசியில், அவர்களிடம் பெட்டி வாங்கும் பெரிய நிறுவனம் ஒன்று வெண்டார் ஆடிட் நடத்தியது. ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் இப்போது தங்களுக்குப் பாகம் தருகிறவர்களின் சுற்றுச்சூழல் ஆவணங்களையும் பார்க்கின்றன. இயக்க இசைவாணை, அதாவது எல்லாரும் சி.டி.ஓ. என்று சொல்வது, எங்கே என்று கேட்டார்கள். இல்லை. மூன்று மாத அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சகோதரர்களில் பெரியவர் முதலில் என்னிடம் கேட்ட கேள்வி இது: “ஏனுங்க, உத்யம் இருக்குது, பஞ்சாயத்து லைசென்ஸ் இருக்குது, கரண்டுக்கும் தொழிற்சாலைக் கட்டணம்தான் கட்டறோம். இதுக்கு மேல எதுக்குங்க இன்னொரு லைசென்ஸ்?”

நியாயமான குழப்பம்தான். உத்யம் என்பது ‘நான் ஒரு குறு, சிறு தொழில்’ என்று நாமே பதிந்துகொள்வது. அது எதற்கும் அனுமதி தருவதில்லை. மின் இணைப்பு கட்டணத்தோடு நின்றுவிடும். கழிவுநீர் வெளிவரும் தொழிலை நிறுவுவதற்கும் நடத்துவதற்கும் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25-வது பிரிவின்படியும், புகை, தூசு வெளிவரும் தொழிலுக்கு 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 21-வது பிரிவின்படியும் மாநில வாரியத்தின் முன் இசைவு வேண்டும். கட்டுவதற்கு முன் ஒன்று, ஓட்டுவதற்கு முன் இன்னொன்று. தமிழ்நாட்டில் இந்த இரண்டு சட்டங்களுக்கும் தனித்தனியாக ஆணை வரும். இயந்திரத்தைப் பூட்டி ஓட்டிய பிறகு முதல் படிக்கு விண்ணப்பிப்பது என்பதே இந்தப் பட்டறையின் சங்கடமான நிலை.

பட்டறையில் 14 பேர் வேலை செய்தார்கள். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே அப்போது தொழிற்சாலைகள் சட்டம் பொருந்தியது என்பதால், தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் பதிவும் பாக்கி இருந்தது. அது தனிக் கதை. அதிகச் சிக்கலில்லாமல் முடிந்தது.

ஷெட்டில் பார்த்தவை

முன்பக்கத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. பவுடர் பூத்தில் சைக்ளோனும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டரும் சரியாக வேலை செய்தன. சிதறும் பவுடரைத் திரும்பப் பிடித்தால்தான் லாபம் என்பதால், இந்த ஒரு கருவியை எந்தப் பட்டறைக்காரரும் கெடவிட மாட்டார். 62.5 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதன் புகைக்குழாய் கூரையோடு நின்றுவிட்டது. கேவிஏ அளவின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிக் கட்டட உயரத்தோடு கூட்ட வேண்டும் என்பது விதி. இந்த ஜெனரேட்டருக்குக் கூரைக்கு மேல் சுமார் 1.6 மீட்டர் வேண்டும். ஒரு நாள் வெல்டிங் வேலை.

பின்பக்கம்தான் பிரச்சினை. அலசும் தொட்டிகளிலிருந்து நிரம்பி வழிந்த தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக ஷெட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்குழிக்குப் போனது. அடியில் எதுவும் பூசப்படவில்லை. தினம் சுமார் 2,000 லிட்டர். ஆசிட் தொட்டியை மாற்றும் நாளில் அதிலிருந்ததும் சுண்ணாம்பு கலந்து அதே குழிக்குத்தான். தொட்டிகளின் அடியில் சேர்ந்த வண்டல் நீல டிரம்களில் கூரையில்லாத இடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. சில டிரம்களுக்கு மூடி இல்லை.

குழியிலிருந்து எடுத்த தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அமிலத்தன்மை அதிகம். பிஹெச் 4-க்குக் கீழே. நிலத்தில் விடும் கழிவுநீருக்கு 5.5 முதல் 9 வரை இருக்க வேண்டும். துத்தநாகமும் பாஸ்பேட்டும் நிறைய இருந்தன. துத்தநாக பாஸ்பேட்டிங் செய்யும் இடத்தில் அது எதிர்பார்த்ததுதான்.

குழியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தென்னந்தோப்பும் அதன் ஆழ்துளைக் கிணறும் இருந்தன. தோப்புக்காரர் இரண்டு வருடமாகக் குரும்பை உதிர்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கிணற்று நீரையும் சோதித்தோம். கரைந்த உப்பு அதிகமாக இருந்தது. ஆனால் அந்த வட்டாரத்தில் நல்ல தூரத்தில் உள்ள கிணறுகளிலும் அதே கதைதான். துத்தநாகம் சொல்லும்படி இல்லை. ஆகவே தோப்பின் நிலைக்குத் தொட்டிகள்தான் காரணம் என்று நிறுவ எங்களிடம் எதுவும் இல்லை, இல்லை என்று நிறுவவும் முடியாது. குழி சட்டமீறல் என்பதற்கு மட்டும் அந்த நிரூபணம் தேவையில்லை. மாசுபட்ட கழிவை நிலத்தில் விடுவதையே நீர்ச் சட்டத்தின் 24-வது பிரிவு தடுக்கிறது.

எந்த வண்ணம்?

மத்திய வாரியம் 2016-இல் தொழில்களை மாசுக் குறியீட்டின்படி சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்தது. 60-உம் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, அதற்குக் கீழே வெள்ளை. இந்த நிகழ்வின்போது நடைமுறையில் இருந்தது அந்தப் பட்டியல்தான்.

‘நாங்க சின்னப் பட்டறை, பச்சைதானே வரும்?’ என்பது பொதுவான நம்பிக்கை. வண்ணத்துக்கும் பட்டறையின் அளவுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. முதலீடு கட்டணத்தைத் தீர்மானிக்கும், செய்முறைதான் வண்ணத்தைத் தீர்மானிக்கும். தகட்டை வெட்டி வளைப்பது ஒரு வகை. பெயின்ட் தெளித்து ஓவனில் சுடுவது ஆரஞ்சு. ஆசிடில் துரு எடுப்பது, பாஸ்பேட்டிங், முலாம் பூசுதல் போன்ற உலோக மேற்பரப்பு வேலை எதுவாக இருந்தாலும் சிவப்பு. ஒரே கூரையின் கீழ் மூன்றும் இருந்தால், அதிகமான வண்ணம் எதுவோ அதுதான் முழுப் பட்டறைக்கும்.

அதாவது ஷெட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஏழு தொட்டிகள் அந்தப் பட்டறையைச் சிவப்பாக்கிவிட்டன.

நொய்யல் குறுக்கிட்டது

சிவப்பு என்பதால் மட்டும் அனுமதி கிடைக்காமல் போகாது. கோவையில் இசைவாணையோடு நடக்கும் சிவப்பு வகைப் பட்டறைகள் எத்தனையோ இருக்கின்றன. சிக்கல் வரைபடத்தில் இருந்தது.

தமிழ்நாடு அரசு 1989-இல் போட்ட 213 எண் அரசாணை, குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிக மாசு ஏற்படுத்தும் தொழில்களைப் புதிதாக நிறுவக் கூடாது என்றது. 1998-இல் வந்த 127 எண் அரசாணை அந்தத் தூரத்தைக் காவிரி, அதன் துணை நதிகள், பெண்ணையாறு, பாலாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்கு 5 கிலோமீட்டராக்கியது. நொய்யல் காவிரியின் துணை நதி. பட்டறையிலிருந்து நொய்யலுக்கு நேர்க்கோட்டில் 3 கிலோமீட்டர்தான்.

தடைப் பட்டியலில் தோல் பதனிடுதல், சாயமேற்றுதல், முலாம் பூசுதல் போன்றவை வருகின்றன. பாஸ்பேட்டிங் தொட்டிகளை முலாம் வேலையோடு சேர்த்துப் பார்ப்பார்களா, தனியாகப் பார்ப்பார்களா என்று வாதிடலாம். சகோதரர்களில் இளையவர் வாதிடத் தயாராகவே இருந்தார். நொய்யல் கரையில் அந்த வாதத்துக்குக் காது கிடைக்காது என்பது என் கருத்து. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி நின்ற வரலாறு இந்த நதிக்கு உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இதன் பொருட்டுத்தான். அந்த மூடல் நாட்களில் வேலையிழந்து ஊர் திரும்பியவர்கள் இந்தக் கிராமத்திலேயே இருக்கிறார்கள். இங்கே நதி என்ற சொல்லை எந்த அதிகாரியும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மேசைக்கு வந்த வழிகள்

முதல் வழி, தொட்டிகளை வைத்துக்கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிப்பது. ஒரு சொட்டும் வெளியே விடாத அமைப்பு என்றால் நடுநிலைப்படுத்தும் தொட்டி, வடிப்பான், ஆர்.ஓ., அதில் மிஞ்சும் உப்புநீருக்கு ஆவியாக்கி என்று போய்க்கொண்டே இருக்கும். 2,000 லிட்டருக்கு அதைப் போடுவது பட்டறையின் மற்ற இயந்திரங்களை எல்லாம் விட அதிகச் செலவு. அதைப் போட்டாலும் 5 கிலோமீட்டர் கேள்வி அப்படியே நிற்கும்.

இரண்டாவது, தொட்டி வரிசையை மட்டும் நதியிலிருந்து தள்ளி வேறு இடத்துக்குக் கொண்டுபோவது. நிலம் தேட வேண்டும், வங்கிக் கடன் வேண்டும். மூன்று மாத அவகாசத்தில் அது ஆகாது.

மூன்றாவதாக ஓர் ஏஜென்ட் ஒரு வழி சொன்னார். தொட்டிகளைக் காட்டாமல் ‘தகடு வேலையும் அசெம்பிளியும்’ என்று பச்சை வகையில் விண்ணப்பிக்கலாம், ஆய்வு நாளில் தொட்டிகள் மேல் தார்ப்பாய் போட்டால் போதும் என்றார். இப்படி வாங்கிய காகிதங்களோடு பட்டறைகள் ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் இசைவாணையில் உற்பத்திப் பொருளும் செய்முறையும் எழுதப்பட்டிருக்கும். எழுதாத செய்முறைக்கு அந்த ஆணை எந்தப் பாதுகாப்பும் தராது. கொடுத்த இசைவை மறுபரிசீலனை செய்து திரும்பப் பெற நீர்ச் சட்டத்தின் 27-வது பிரிவு இடம் தருகிறது. வெண்டார் ஆடிட்டில் வருகிறவரும் தொட்டியை நேரில் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தார்.

விண்ணப்பித்து நாலு மாதம் பதில் வராவிட்டால் தானாகவே அனுமதி ஆகிவிடும் என்றும் அதே ஏஜென்ட் சொல்லியிருந்தார். நீர்ச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது. எல்லா வகையிலும் முழுமையான விண்ணப்பத்துக்கு மட்டும் அது பொருந்தும் என்ற பகுதியை அவர் விட்டுவிட்டார்.

நான்காவது வழி, தொட்டிகளை எடுத்துவிடுவது.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

தொட்டிகளை எடுப்பது என்று முடிவானது. தம்பிக்கு இதில் சம்மதமில்லை. தொட்டி வேலையைக் கற்றுக்கொண்டு தரத்தை நிலைநிறுத்தியவர் அவர்தான். அதை வெளியே கொடுத்தால் 2019-க்கு முந்தைய நிலைக்குத் திரும்புவது போலத்தானே என்றார். அது தவறான கவலை இல்லை.

அதனால் என்ன தகடு, எவ்வளவு என்று ஒரு வாரம் கணக்கெடுக்கச் சொன்னோம். வந்த வேலையில் பாதிக்கு மேல் தடிமனான ஹாட் ரோல்டு தகடு. அதன் மேல் இருக்கும் கருப்புச் செதிலை எடுக்கத்தான் ஆசிட் அதிகம் செலவானது. அதே செதிலை, சிறு இரும்புக் குண்டுகளை வேகமாக வீசும் ஷாட் பிளாஸ்டிங் இயந்திரத்தால் தண்ணீரே இல்லாமல் எடுக்கலாம். தூசு வரும், அதற்குப் பை வடிப்பான் வைத்தால் போதும். மிச்சம் இருந்தது மெல்லிய கோல்டு ரோல்டு தகடு. பிளாஸ்டிங்கில் அது நெளிந்துவிடும், எண்ணெய்ப் பிசுக்கும் போகாது. அதை மட்டும் பாஸ்பேட்டிங் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குச் செய்து தரும் இடத்துக்கு, அனுப்பலாம்.

ஜாப் ஒர்க் செய்யும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் போனது. முதலில் பார்த்த இடத்தில் இசைவாணை இருந்தது, தேதி முடிந்திருந்தது. இன்னொன்றில் தேதி சரி, ஆணையில் எழுதிய மாத அளவைவிட ஏற்கெனவே அதிகம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நம் மாசை இன்னொருவர் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிவிட்டு ஆடிட்டரிடம் சுத்தமானவர் என்று காட்டுவது இந்த ஊரில் சர்வசாதாரணம். அதைச் செய்யக் கூடாது என்று பெரியவர் உறுதியாக இருந்தது எனக்குப் பிடித்தது. கடைசியில் நதித் தடைக்கு வெளியே, செல்லுபடியாகும் இசைவாணையும் அபாயக் கழிவு அங்கீகாரமும் உள்ள ஓர் இடம் கிடைத்தது. இரண்டின் நகலையும் கோப்பில் வைத்துக்கொண்டோம்.

தொட்டி போனால் மீதமுள்ள பட்டறை ஆரஞ்சு. வெளியே போகும் கழிவுநீர் கழிப்பறையினுடையது மட்டும். நதித் தடை தொடாது. விண்ணப்பிக்கும் தைரியம் அப்போதுதான் வந்தது.

இடையில் வந்த புகார்

தொட்டிகளைக் காலி செய்து, பிரிப்பதற்கு ஆள் சொல்லி வைத்திருந்த வாரத்தில் தோப்புக்காரர் வாரியத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் மனு கொடுத்துவிட்டார். பட்டறையில் நடந்துகொண்டிருந்த மாற்றத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் பார்வையில் இரண்டு வருடமாகக் கேட்டும் எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வுக்கு வந்த பொறியாளர் காலித் தொட்டிகள், குழி, டிரம்கள் எல்லாவற்றையும் படம் எடுத்தார், மாதிரியும் எடுத்தார். நீர்ச் சட்டம் 33ஏ, காற்றுச் சட்டம் 31ஏ ஆகிய பிரிவுகளின் கீழ் ஏன் மூடக் கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. இந்தப் பிரிவுகளில் மூடச் சொல்வதோடு மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்லவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

பதிலில் மறுப்பு எதுவும் எழுதவில்லை. தொட்டி 2019 முதல் இருந்தது, இசைவாணை இல்லை, குழியில் விட்டோம், இன்ன தேதிக்குள் பிரித்துவிடுவோம் என்று அப்படியே எழுதினோம். தம்பிக்கு இது தற்கொலை போலத் தெரிந்தது. ஆனால் ஆய்வறிக்கையில் படத்தோடு இருப்பதை மறுத்து எழுதினால், அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். இசைவாணை வரும்வரை கோட்டிங் வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லி ஆணை வந்தது. மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை. தகடு வெட்டும் வேலையாவது நடந்தது.

இழப்பீட்டுக் கணக்கு

சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு மத்திய வாரியம் வகுத்த ஒரு பெருக்கல் கணக்கு இருக்கிறது. மாசுக் குறியீடு, மீறல் நடந்த நாட்கள், ரூபாயில் உள்ள ஒரு காரணி, தொழிலின் அளவுக்கான காரணி, இடத்துக்கான காரணி ஆகிய ஐந்தையும் பெருக்க வேண்டும். குறியீட்டின் சராசரியாகச் சிவப்புக்கு 80, ஆரஞ்சுக்கு 50, பச்சைக்கு 30 எடுப்பார்கள். ரூபாய்க் காரணி பொதுவாக 250. குறு, சிறு தொழிலுக்கு 0.5. 10 லட்சத்துக்குக் கீழ் மக்கள்தொகை உள்ள ஊர் என்றால் இடக் காரணி 1.

இந்தப் பட்டறைக்குப் போட்டால் 80 × 250 × 0.5 × 1, ஒரு நாளைக்கு 10,000 ரூபாய். ஆரஞ்சாக இருந்திருந்தால் 6,250. எவ்வளவு குறைந்தாலும் நாளுக்கு 5,000-க்குக் கீழே போகாது.

ஆக, நாட்கள்தான் எல்லாம். எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஆய்வு நாளிலிருந்து தொட்டி பிரித்ததைச் சரிபார்த்த நாள்வரை எண்ணினார்கள். தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. சகோதரர்கள் மேல்முறையீடு செய்யவில்லை. வாரியத்தின் ஆணையை எதிர்த்து 30 நாளுக்குள் போகலாம், அதற்கான வழிகள் இருக்கின்றன. 2019 முதல் ஏன் எண்ணவில்லை என்ற கேள்வியை நாமே கிளப்பிவிடக் கூடாது என்பது அவர்களுடைய வக்கீலின் யோசனை. சரியான யோசனைதான்.

டிரம்கள்

எதிர்பாராத தலைவலி இந்த டிரம்களால் வந்தது. பாஸ்பேட் வண்டல், பயன்படுத்திய ஆசிட், ரசாயனம் ஒட்டிய காலி டிரம் எல்லாமே 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் வருபவை. பழைய இரும்புக் கடைக்குப் போட முடியாது. குப்பையிலும் சேர்க்க முடியாது. வாரியத்தின் அங்கீகாரம் பெற்று, 10-ஆம் எண் படிவத்தில் மேனிஃபெஸ்ட், அதாவது கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்ற சீட்டு, எழுதி, அங்கீகாரம் உள்ள வண்டியில் அனுப்ப வேண்டும். பட்டறையில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. இங்கே மூன்று வருட வண்டல் இருந்தது.

அது கடைசியில் போனது கும்மிடிப்பூண்டி பாதுகாப்பான நிலநிரப்பு மையத்துக்கு. கோவையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். ஒரு சிறு பட்டறையின் சில டிரம்களுக்காக லாரி வராது. அதே பகுதியில் இன்னும் சில பட்டறைகளின் கழிவோடு சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. குழியின் மேல்மண்ணையும் தோண்டி அதோடு அனுப்பினோம். இதற்கான செலவு இசைவாணைக் கட்டணத்தைவிட அதிகம். முதல் நாள் போட்ட பட்ஜெட்டில் இந்த வரி ஒரு சிறு தொகையாகத்தான் இருந்தது.

விண்ணப்பம்

வாரியத்தின் இணையதளத்தில் விண்ணப்பம். இடத்தின் வாடகை ஒப்பந்தம், ஷெட்டின் வரைபடம், செய்முறை விளக்கப்படம், தண்ணீர்க் கணக்கு, நிலையான சொத்தின் மொத்த மதிப்புக்கு ஆடிட்டர் சான்று, நிலப் பயன்பாட்டுச் சான்று. கட்டணம் அந்தச் சொத்து மதிப்பை வைத்துத்தான். நல்ல வேளையாக அந்த சர்வே எண் தொழில் உபயோகப் பகுதியில் இருந்தது. விவசாயப் பகுதியாக இருந்திருந்தால் இந்த நிகழ்வின் முடிவே வேறு.

1 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள நீர்நிலை, சாலை, வீடு, விவசாய நிலம், பள்ளி, கோயில் எல்லாவற்றையும் தூரத்தோடு காட்டும் வரைபடமும் கேட்பார்கள். இதைக் கணினி மையத்தில் கூகுள் படத்தின் மேல் ஒரு வட்டம் போட்டு முடித்துவிடுபவர்கள் உண்டு. நாங்கள் தென்னந்தோப்புக் கிணற்றையும் குறித்தோம். மறைத்திருந்தால் புகார்க் கோப்பிலிருந்து அது எப்படியும் வெளியே வந்திருக்கும்.

ஒரு முறை வினா எழுப்பித் திருப்பினார்கள். ஜாப் ஒர்க் ஒப்பந்தத்தையும், அவர்களுடைய இசைவாணையில் போதிய அளவு இருப்பதையும் காட்டச் சொன்னார்கள். இரண்டும் கோப்பில் தயாராக இருந்ததால் அன்றே போனது. முதலில் நிறுவும் இசைவாணை, அப்புறம் நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கை, மறுபடியும் ஆய்வு, பிறகு இயக்க இசைவாணை. 2023 பாதிக்குள் இரண்டு சட்டங்களின் ஆணைகளும் கைக்கு வந்துவிட்டன.

பின்விளைவு

வாடிக்கையாளர் கொடுத்த மூன்று மாதம் தாண்டிவிட்டது. ஆனால் நோட்டீஸ், பதில், விண்ணப்ப எண் எல்லாவற்றையும் அவ்வப்போது அனுப்பிக்கொண்டிருந்ததால் காத்திருந்தார்கள். வேறு ஒரு வாடிக்கையாளர் காத்திருக்கவில்லை, போய்விட்டார். கோட்டிங் நின்றிருந்த நாட்களில் மூன்று தொழிலாளர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருவர் தொட்டி வேலையில் கைதேர்ந்தவர்.

தம்பி பயந்த தரப் பிரச்சினை ஓரளவு நடந்தது. பாஸ்பேட் செய்த தகடு திரும்பி வரும் வழியிலேயே, முக்கியமாக மழைக்காலத்தில், மெல்லிய துரு ஏறியது. வந்த அன்றே கோட்டிங் போடும்படி வண்டி நேரத்தை மாற்றினார்கள். பிளாஸ்டிக் உறை போட்டுத் தள்ளுவண்டிகளில் அனுப்பினார்கள். நிராகரிப்பு குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. ஒரு பெட்டியின் அடக்கவிலை முன்பைவிடக் கூடுதல்தான். ஹாட் ரோல்டு பாகங்களில் பிளாஸ்டிங் நல்ல பலன் தந்தது. பவுடர் முன்பைவிட நன்றாகப் பிடிக்கிறது என்று தம்பியே சொன்னார்.

தோப்புக்காரரிடம் பெரியவர் நேரில் போய்ப் பேசினார். குழி மூடப்பட்டதையும் மண் எடுத்துப் போனதையும் அவர் பார்த்தார். குரும்பை உதிர்வு நின்றதா என்று கேட்டால், இன்னும் சொல்ல முடியாது என்கிறார். அவருடைய கிணற்றை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டறைச் செலவில் சோதிப்பது என்று இருவரும் வாய்ப்பேச்சாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இசைவாணையில் இது நிபந்தனை இல்லை.

மாற்ற வேண்டியவை

இதேபோன்ற இன்னொரு பட்டறை வந்தால் வரிசையை மாற்றுவோம். முதலில் நதிக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட வேண்டும். இங்கே அது தெரிந்தபோது சுத்திகரிப்பு நிலையத்துக்கு விலைப்பட்டியல் வாங்கும் வேலை பாதி முடிந்திருந்தது. வரைபடத்தை முதலில் விரித்திருந்தால் அந்த நேரம் மிஞ்சியிருக்கும்.

அடுத்து டிரம்கள். அங்கீகார விண்ணப்பத்தை இசைவாணை விண்ணப்பத்துக்குக் காத்திருக்காமல் தனியாகவும் முன்னதாகவும் தொடங்கலாம். தொட்டியைப் பிரிப்பது ஒரு நாள் வேலை. அதில் இருந்ததைச் சட்டப்படி வெளியேற்றுவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும்.

அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே பேசுவதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஆனால் இந்த நிகழ்வில் இழப்பீடாகப் போன ஒன்றரை லட்சத்துக்கு, தோப்புக்காரரிடம் யாரும் போகாததும் ஒரு காரணம்.

பட்டியலும் இப்போது மாறியிருக்கிறது. மத்திய வாரியம் 2025 ஜனவரியில் வகைப்பாட்டைத் திருத்தியது. நீலம் என்று ஒரு வகை புதிதாக வந்திருக்கிறது, குறியீட்டு எல்லைகளும் வேறு. அதற்கு முன்பே 2024 நவம்பரில் வெள்ளை வகைக்கு இசைவாணையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. மேலே சொன்ன 2016 எண்களை வைத்துக்கொண்டு இன்று யாரும் தன் வகையை முடிவு செய்ய வேண்டாம், புதிய பட்டியலில் தன் செய்முறையைத் தேடிப் பார்க்கட்டும்.

சகோதரர்கள் இப்போது லேசர் கட்டிங் இயந்திரம் ஒன்றுக்கு விலை கேட்டிருக்கிறார்கள். சொத்து மதிப்பும் உற்பத்தி அளவும் மாறும் என்பதால் இருக்கும் இசைவாணையை விரிவாக்க வேண்டியிருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த விண்ணப்பத்தைத் தயார் செய்யச் சொல்லி தம்பிதான் போன் செய்தார்.